கார் சீட்: பக்கெட்டா, கன்வர்டிபிளா?

காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். போதாது. 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி நின்றால் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சில நூறு கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும், அது யார் கையிலும் கிடையாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் வேறு, யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை என்றாலும்.

சரி, எதை வாங்குவது? பக்கெட் என்பது கைக்குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தபடி சாய்ந்திருக்கும் சின்ன சீட். அதன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கைப்பிடி இருக்கும், தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தூக்கிப் போகலாம், விலை குறைவு, சின்ன காரிலும் இடத்தை அடைக்காது. எங்கள் மகனுக்கு முதல் மாதங்களில் நாத்தனார் வீட்டு பக்கெட்தான். ஒன்று மட்டும், வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் அதிலேயே தூங்க விடாதீர்கள். தலை முன்னால் கவிழ்ந்து மூச்சு அடைபடலாம்.

அடுத்ததாக கன்வர்டிபிள், அதாவது முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் வைக்கக்கூடிய பெரிய சீட், வாங்கியதற்கு ஒரே காரணம் உயரம். பக்கெட்டில் '13 கிலோ வரை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ரொம்ப நாள் வரும் என்று நினைக்கிறோம், ஆனால் குழந்தையின் உச்சந்தலை சீட்டின் மேல் விளிம்புக்கு ஓர் அங்குலமாவது கீழே இருக்கும்வரைதான் அதில் உட்கார வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் சராசரி ஆண் குழந்தை ஒரு வயதிலேயே 76 செ.மீ. தொட்டுவிடுகிறது, 13 கிலோ வருவதோ இரண்டரை வயதை நெருங்கும்போதுதான். ஆக, ஒன்று ஒன்றரை வயதில் பெரும்பாலான பக்கெட்டின் வேலை முடிந்துவிடும். அப்போது நம் ஊரில் என்ன செய்கிறோம், பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்று முன்னோக்கிய சீட்டுக்கு மாற்றிவிடுகிறோம்.

அங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து எலும்புகளில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்த பிள்ளைக்கு மோதும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க எதுவும் இல்லை, இழுப்பெல்லாம் கழுத்துக்குப் போகும். பின்னோக்கி இருந்தால் முதுகும் கழுத்தும் தலையும் சேர்ந்தே சீட்டில் அழுந்தும். 1960-களில் ஸ்வீடன் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்தபடி கிளம்புவதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். அங்கே நாலு வயதுவரை பின்னோக்கி வைப்பது சாதாரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் முன்பு இரண்டு வயது என்று சொல்லிக்கொண்டிருந்ததை 2018-இல் விட்டுவிட்டு, சீட்டின் அளவு முடியும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்று மாற்றிவிட்டது.

கன்வர்டிபிள் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. அட்டையில் '0 முதல் 4 வயது' என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் பின்னோக்கி 13 கிலோ வரை, அப்புறம் 18 கிலோ வரை முன்னோக்கி என்று இருக்கும். பக்கெட்டைவிட முதுகு கொஞ்சம் உயரம், அவ்வளவுதான் லாபம். நாங்கள் தேடி வாங்கியது பின்னோக்கியே 105 செ.மீ. வரை என்று போட்ட ஐ-சைஸ் (எடைக்குப் பதில் உயரத்தை வைத்து அளவு சொல்லும் ஐரோப்பியத் தரம்) சீட். 105 செ.மீ. என்றால் சுமாராக நாலு வயது. பக்கெட்டைப்போல மூன்று நாலு மடங்கு விலை, கனமும் அதிகம், காரை விட்டு எடுக்கவே மனசு வராது.

கால் மடங்குதே, வலிக்காதா என்று அத்தை ஒவ்வொரு பயணத்திலும் கேட்பார். பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு வருகிறான்.

இடம்தான் உண்மையான தொல்லை. எங்கள் ஹேட்ச்பேக்கில் டிரைவருக்குப் பின்னால் வைத்தால் ஓட்டுகிற என் கணவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது, அதனால் இடதுபக்கம் வைத்தோம். நடைபாதைப் பக்கமே இறக்கலாம் என்பதால் அதுவும் வசதிதான், ஆனால் முன்னால் உட்காருகிறவர் கொஞ்சம் ஒடுங்கித்தான் உட்கார வேண்டும். ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பின்னோக்கி சீட்டை வைக்காதீர்கள், ஏர்பேக் விரிந்தால் அடி நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்.

பிறந்த குழந்தையை இந்தப் பெரிய சீட்டில் வைத்த அனுபவம் எனக்கு இல்லை. உள்ளே போடும் குஷன் கொடுக்கிறார்கள், மூன்று கிலோ பிள்ளைக்கு அது சரியாக அமையுமா என்று வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாந்தி எடுக்கிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்லத் தெரியாது, எங்களவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டைப் பூட்டுகிற இரும்புக் கொக்கிகள்) இருந்ததால் மாட்டுவது சுலபமாக இருந்தது. உங்களுடையது பழைய கார் என்றால் காரைக் கடைக்கே ஓட்டிப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், சில கார்களில் பின் சீட் பெல்ட்டின் நீளமே எட்டாது. மாட்டிய பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

பட்ஜெட் இடித்தால் பக்கெட்டைச் சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு, காசைப் பெரிய சீட்டுக்கு வையுங்கள். இரவல் கொடுப்பவர் விபத்தில் சிக்காத சீட் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். முகம் தெரியாதவர் ஆன்லைனில் விற்கிற பழைய சீட்டை நான் தொடமாட்டேன்.