பச்சைத் தண்ணீரும் யுவி விளக்கும்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

செடிகள் வளர்க்கும் மீன் தொட்டியில் தண்ணீர் பச்சையாக மாறினால், பெரும்பாலோர் அதை அழுக்கு என்று எண்ணி ஃபில்டரைக் கழுவுகிறார்கள், பாதித் தண்ணீரை மாற்றுகிறார்கள். இரண்டுமே அதிகம் பலன் தருவதில்லை. தண்ணீரில் மிதந்தபடியே பெருகும் குளோரெல்லா போன்ற ஒற்றைச் செல் பாசிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராதவை என்பதால் சாதாரண ஸ்பாஞ்சின் துளைகளில் எளிதாகப் புகுந்து வெளியேறிவிடும். தண்ணீரை மாற்றிய பிறகு எஞ்சியிருப்பவையோ விரைவிலேயே பழைய அளவுக்குப் பெருகிவிடும்.

சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் நான் பராமரிக்கும் 200 லிட்டர் தொட்டியில் 9 வாட் யுவி (புற ஊதா) விளக்கைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், விளக்கைக் கடந்து செல்லும் பாசியின் டிஎன்ஏவைச் சிதைத்து, அது மேலும் பெருகாமல் செய்கிறது. நீரோட்டம் வேகமாக இருந்தால் பாசியின்மீது போதிய கதிர் படாது. ஆகவே ஃபில்டரின் முழு ஓட்டத்தையும் இதன் வழியே செலுத்தாமல், தனியாக ஒரு சிறிய பம்பை இணைத்து மெதுவாக ஓடவிட்டிருக்கிறேன். முதலில் பச்சை வெளிறி வெண்மையான மங்கலாக மாறும். அதன்பின் சில நாட்களில் தொட்டியின் பின்சுவர்வரை தெளிவாகத் தெரியும். இந்த ஒரு வேலையில் விளக்கு என்னை ஏமாற்றியதே இல்லை.

அந்த வெண்மங்கல் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. மடிந்த பாசி அழுகும்போது அமோனியா வெளிப்படும், ஆக்சிஜனும் குறையும். மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் இது உயிருக்கே ஆபத்து என்பதால், அந்நாட்களில் அமோனியாவைச் சோதிப்பதும், கால் பங்குத் தண்ணீரை மாற்றுவதும், இரவில் நீரில் குமிழி விடும் காற்றுக்கல்லை இயக்குவதும் கட்டாயம் என்றே கருதுகிறேன். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் ஃபில்டரின் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டி வாழ்பவை என்பதால் அவற்றுக்கு இந்த விளக்கால் பெரிய பாதிப்பு இல்லை. அதே காரணத்தால், கண்ணாடியிலும் இலைகளிலும் ஒட்டிய பாசியையும் இது தொடுவதில்லை; அதை எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

கறுப்புத் துணியால் தொட்டியை மூன்று, நான்கு நாட்கள் மூடிவைப்பதும் பாசியைக் குறைக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய செடிகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. மெல்லிய தண்டுச் செடிகள் இலை உதிர்க்கின்றன. செலவில்லாத வழி என்றாலும், செடிகளுக்காகவே தொட்டி வைத்திருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விளக்கை நிறுத்தியபின் பச்சை திரும்புமா என்பதுதான் பலரின் கேள்வி. வேரோடு செடியைப் பிடுங்கி மண்ணைக் கிளறிய சமயங்களிலும், ஜன்னல் வழியே நேர் வெயில் விழுந்த கோடையிலும் என் தொட்டியில் அது திரும்பியிருக்கிறது. மேல்விளக்கு எரிவதை நாளொன்றுக்கு 10 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறைத்து, திரை போட்டு, விரைவாக வளரும் மிதவைச் செடிகளைச் சேர்த்து, உணவையும் மட்டுப்படுத்திய பின்னர், யுவி விளக்கை எப்போதாவது மட்டுமே இயக்க வேண்டியிருக்கிறது. இரும்புச்சத்து உரமோ மருந்தோ இட்ட நாளில் அதை அணைத்துவிடுகிறேன். கதிர் அவற்றைச் சிதைத்துவிடக்கூடும்.

பராமரிப்பில் இரண்டு குறைகள் உண்டு. நம் ஊர்க் கடின நீர், பல்பை மூடியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடி உறையின்மீது வெண்ணிற உப்புப் படலத்தைப் படியவைத்துக் கதிரை மறைப்பதால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை வெளியே எடுத்து, வினிகரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பல்பின் ஆயுள்: ஏறத்தாழ 8,000 மணி நேரத்துக்குப்பின் நீல ஒளி வழக்கம்போல் தெரிந்தாலும் பாசியைத் தாக்கும் கதிர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எரியும் பல்பை வெறுங்கண்ணால் பார்த்துச் சோதிப்பது கண்ணுக்குக் கேடு என்பதால், ஓடிய நேரத்தை ஒரு சீட்டில் குறித்துவருவதே பாதுகாப்பானது. வாங்குமுன், மாற்றுப் பல்பும் குவார்ட்ஸ் உறையும் ரப்பர் வளையமும் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தையில் தனியாகக் கிடைக்கின்றனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உதிரி கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.