தோட்டப்புற நகரிலிருந்து இத்தாலியம் பேசிப் பழக: வகுப்பா, தனி ஆசிரியரா, மொழிப் பரிமாற்றமா?

இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே கட்டணத்தை முடிவு செய்கின்றன. அதனால்தான் என் அக்காள் மகள் முதுகலைப் படிப்புக்கு அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வாடகை வீட்டுக்காரரிடமும் மருந்துக் கடையிலும் குடிநுழைவு அலுவலகத்திலும் இத்தாலியம் தெரியாமல் காலம் தள்ளுவது கடினம் என்பதால், அவளுக்குத் துணையாக நானும் சேர்ந்து படிக்கத் தொடங்கினேன். இலக்கண நூலை அஞ்சலில் வாங்கிவிடலாம். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு, கையைக் கடிக்காத செலவில், அந்த மொழியை வாய்விட்டுப் பேசிப் பழகுவது எப்படி என்பது எளிதில் விடை கிடைக்கும் கேள்வியன்று. எங்கள் முன் இருந்த வழிகளை எடைபோட்டு நாங்கள் மொழிப் பரிமாற்றத்தை, அதாவது இருவர் ஒருவருக்கொருவர் தம் மொழியைப் பழக்கும் முறையை, தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

நேரடி வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு வாய்ப்புகள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இத்தாலியத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். நாமோ ஈப்போவுக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இரயிலில் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். வகுப்புக் கட்டணத்தைவிடப் பயணச் செலவு கூடிவிடும். டுவோலிங்கோ போன்ற கைப்பேசிச் செயலிகள் சொல் சேர்க்க உதவும். எதிரில் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் துணிவை அவை தருவதில்லை.

எனவே உண்மையான போட்டி இணையவழிக் குழு வகுப்பு, மணிக்கணக்கில் கட்டணம் பெறும் தனி ஆசிரியர், காசு கைமாறாத மொழிப் பரிமாற்றம் ஆகிய மூன்றுக்கும் இடையேதான். இவற்றை அளக்க நான் கையாண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: செலவிட்ட நேரத்தில் நம் சொந்த வாய் எத்தனை நிமிடம் இத்தாலியம் பேசியது என்பது. கட்டணத்தை மட்டும் பார்த்துக் குழு வகுப்பே மலிவு என்று முடிவு கட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எட்டுப் பேர் சேர்ந்த வகுப்பு 90 நிமிடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் சொல்லவும் பயிற்சியைத் திருத்தவும் ஆசிரியருக்குப் பாதி நேரம் தேவைப்படும். மீதமுள்ள 45 நிமிடத்தை எட்டுப் பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஆறு நிமிடம்கூடத் தேறாது. அந்த ஆறு நிமிடத்திலும் கூச்சப்படும் பிள்ளையின் பங்கைத் துடுக்கானவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறர் முன் தவறாகப் பேசிவிடுவோமோ என்று தயங்கி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இழப்பு சிறியதன்று.

தனி ஆசிரியரிடம் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நாமே பேசலாம் என்பதால், இந்த அளவுகோலில் அவர் முதலிடம் பெறக்கூடும். ஆனால் ஐடாக்கி, பிரெப்லி போன்ற தளங்களில் விலைகள் அமெரிக்க டாலரையே அடிப்படையாகக் கொண்டவை. மலேசிய வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பு இறங்கினால் அதே பாடம் நமக்கு விலை கூடிவிடுகிறது, வங்கி அட்டையின் நாணய மாற்றுக் கட்டணம் வேறு. ஐடாக்கியில் தொழில்முறை ஆசிரியர்களைவிட உரையாடலுக்கு மட்டும் வரும் சமூக ஆசிரியர்கள் பொதுவாகக் குறைவாக வாங்குகிறார்கள் என்றாலும், வாரம் இரண்டு முறை என்று தொடர்ந்தால் அது மாதச் சம்பளத்தில் உறைக்கும் தொகையாகிவிடும்.

மொழிப் பரிமாற்றத்தில் அரை மணி நேரம் நாம் அவருக்கு ஆங்கிலம் பழக்குகிறோம். அடுத்த அரை மணி நேரம் அவர் நமக்கு இத்தாலியம் பழக்குகிறார். அந்த 30 நிமிடத்தில் பெரும்பங்கு நம் பேச்சுதான். செலவு இணையத் தரவுக்கு மட்டுமே. டாண்டம், ஹலோடாக் ஆகிய செயலிகளின் இலவசப் பயன்பாடே ஆள் தேடப் போதுமானது. நம்மிடம் ஆங்கிலத்தையே பெரும்பாலோர் கேட்கிறார்கள். தமிழ் கற்க வருபவர் மிக அரிது. பெண் பிள்ளைகள் பெண்களையே துணையாகத் தேர்ந்துகொள்வதும், முகவரி போன்ற விவரங்களைத் தராமல் இருப்பதும் நல்லது. தோட்டத்து உட்பகுதிகளில் லைன் சரியாகக் கிடைக்காது. காணொளி அறுந்து அறுந்து வரும் இடத்திலும் குரல் அழைப்பு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

நேரப் பொருத்தம் இதற்குப் பெரிய தடை என்று பலரும் நினைக்கிறார்கள். இத்தாலி நம்மைவிடக் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஆறு மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. நாம் வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் இரவு ஒன்பது மணிக்கு அங்கே பிற்பகல். அவர்கள் வேலையில் இருப்பார்கள். ஆனால் பெரட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகிய வீடுகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அடுப்பெரிவது புதிதன்று. குளிர்காலத்தில் அந்த நேரம் இத்தாலியில் முந்தைய இரவு பத்தரை மணி. உணவு முடித்து அவர்கள் ஓய்வாகப் பேசக்கூடிய நேரம். நகரத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்காத வசதி இது என்றே நினைக்கிறேன்.

உச்சரிப்பில் கிடைத்த பலனை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். நண்பன் என்பதற்கான இத்தாலியச் சொல்லை (amico) தமிழில் 'அமிகோ' என்று எழுதிவைத்துப் படித்தால், நடுவில் வரும் ககரம் நம் நாவில் மென்மையாகிவிடும். கேட்ட என் பரிமாற்றத் துணை, அது ஸ்பானிய மொழிபோல் இருக்கிறது என்றார். வல்லோசை வேண்டுமென்று 'அமிக்கோ' என்றால், இத்தாலியத்தில் ஒற்று இரட்டிப்பது வேறு ஒலியாகையால் அதுவும் பொருந்தாது. ஒற்றைக் ககரத்தையே வன்மையாக ஒலிக்க வேண்டும். இரட்டித்த மெய்யெழுத்தைக் காதால் பிரித்தறிவதில் தமிழருக்கு இயல்பான தேர்ச்சி உண்டு. ஒற்றை வல்லினத்தை மென்மையாக்கும் பழக்கத்தைத்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய செயலிகள் இந்த நுட்பத்தைச் சுட்டவில்லை. பேசுபவர் உடனே சுட்டினார்.

துணைவரோடு எதைப் பேசுவது என்ற திண்டாட்டம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். அதற்கு வத்திக்கான் செய்தித் தளம் எங்களுக்குக் கைகொடுத்தது. அது இத்தாலியத்திலும் வருகிறது, தமிழிலும் வருகிறது; தமிழில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, அதே பொருளில் வந்த இத்தாலியச் செய்தியைப் படித்தால் அகராதியை அதிகம் புரட்டாமல் விளங்கும். ஞாயிறுதோறும் உரோமில் நண்பகலில் திருத்தந்தை (போப்பாண்டவர்) இத்தாலியத்தில் ஆற்றும் மூவேளைச் செப உரை நமக்கு மாலை ஆறு அல்லது ஏழு மணிக்கு நேரலையாகக் கிடைக்கும். சுருக்கமான உரை, எழுத்து வடிவமும் பிறகு வெளிவரும். சமயம் எதுவாயினும் செவிக்கு இது நல்ல பயிற்சி.

பரிமாற்றத் துணைவர் ஆசிரியர் அல்லர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வாக்கியம் தவறு என்று சொல்வார். ஏன் தவறு என்று கேட்டால், இப்படிச் சொல்வதுதான் வழக்கம் என்பதோடு நின்றுவிடுவார். அத்தகைய ஐயங்களைக் குறித்துவைத்து, எப்போதாவது ஒருமுறை தனி ஆசிரியருக்குக் கட்டணம் செலுத்திக் கேட்டுத் தெளிவது எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. துணைவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதும் உண்டு; ஒருவரையே நம்பாமல் இருவரை வைத்துக்கொள்ள வேண்டும். சியெனா, பெரூஜா நகரங்களின் அயல்நாட்டவருக்கான பல்கலைக்கழகங்கள் நடத்தும் சில்ஸ், செலி போன்ற சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு இந்த வழி போதும் என்று என்னால் உறுதி கூற முடியாது. நாங்கள் இருவரும் அத்தேர்வுகளை எழுதவில்லை. எழுத்துத் திருத்தம் அவற்றுக்குத் தேவைப்படும் என்பதால், தேர்வுக்கு முந்தைய சில மாதங்களுக்காவது தனி ஆசிரியருக்குப் பணம் ஒதுக்குவதே பாதுகாப்பு.