மூங்கில் ஃப்ளை ராடுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? புதுச்சேரியில் சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

மூங்கில் ஃப்ளை ராடு, அதாவது செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கம்பு, வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ராடு 320 யூரோ. வாங்கிய நாளின் மாற்று மதிப்பில் ஏறக்குறைய 29,000 ரூபாய். ரீல், லைன், செயற்கை ஈக்கள் எல்லாம் சேர்த்தால் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். சுண்ணாம்பாற்றங்கரையில் சாதாரண மூங்கில் கம்பில் தங்கூசி கட்டி, மாவு உருண்டை வைத்து மடவை பிடிக்கிற ஊரில் இது பெரிய தொகை. ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு நல்ல கார்பன் ஃப்ளை ராடே கிடைக்கிறது. ஆனாலும் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ளை தூண்டிலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முள்ளில் கட்டியிருப்பது இறகாலும் நூலாலும் ஆன செயற்கை ஈ மட்டும்தான். அதற்குக் கனமே கிடையாது. தடித்த லைனுக்குத்தான் கனம். அந்த லைனைப் பின்னால் விரித்து, முன்னால் வீசி, ஈயைத் தண்ணீர்மேல் ஓசையில்லாமல் இறக்க வேண்டும். ஆகவே ராடு எப்படி வளைகிறது, எவ்வளவு நேரத்தில் நிமிர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூங்கில் ராடு என்றால் முழு மூங்கிலைச் சீவியது அல்ல. மூங்கிலைப் பிளந்து, கணுக்களைச் சூட்டில் வாட்டி நிமிர்த்தி, ஒவ்வொரு சிம்பையும் 60 பாகை முக்கோணமாக இழைத்து, ஆறு சிம்புகளைப் பசையிட்டு ஒன்றாகச் சேர்க்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் அறுகோணம். நுனியில் ஆறும் சேர்ந்த தடிமனே இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு சிம்பும் சீராக மெலிந்துகொண்டே போக வேண்டும். இழைப்பவர்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளந்து இழைக்கிறார்கள். பட்டு நூல் சுற்றி, வார்னிஷ் பூசி, துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண் மாட்டி முடிக்க ஒரு ராடுக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல் கைவேலை பிடிக்கும். அமெரிக்காவில் புதிதாக ஒன்று வாங்கினால் ஆயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. பெரிய பெயர் உள்ளவர்களிடம் மூவாயிரத்தைத் தாண்டும். அந்த உழைப்பைக் கணக்கிட்டால் இந்த விலையை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெயருக்கென்று கொடுக்கும் விலை வேறு கணக்கு. வளைவின் தகைவைப் பொறியியல் முறையில் கணக்கிட்டு ராடு செய்த அமெரிக்கர் எவரெட் கேரிசன் போன்றவர்களின் கைப்பட்ட ராடுகள் ஏலத்தில் பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. அவற்றை வாங்குகிறவர்களில் பலர் தண்ணீருக்கு எடுத்துப்போவதில்லை. அவர்கள் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் எந்திரத்தில் இழைத்துக் குவித்த ராடுகள் இன்று நூறு, நூற்றைம்பது டாலருக்கும் கிடைக்கின்றன.

என் ராடு சித்தப்பா வழியாக வந்தது. அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் பணி முடித்து அங்கேயே தங்கிவிட்டவர். பிரான்ஸிலும் இந்தத் தொழிலுக்கு நீண்ட மரபு உண்டு. லுவார் ஆற்றங்கரையில் உள்ள அம்புவாஸ் நகரத்தின் ‘பெசோன் எ மிஷெல்’ நிறுவனத்துக்கு, பாரிஸின் ரிட்ஸ் ஓட்டல் குடும்பத்தைச் சேர்ந்த சார்ல் ரிட்ஸ் வடிவமைத்துக் கொடுத்த ‘பாராபோலிக்’ ராடுகள் உலகப் புகழ் பெற்றவை. அந்தப் பெயரும், மாற்றி மாட்ட இரண்டு நல்ல நுனித் துண்டுகளும் இருந்தால் விலை மளமளவென்று ஏறும். சித்தப்பாவுக்குக் கிடைத்ததில் கைப்பிடிக்கு மேலிருந்த எழுத்து முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. செய்தவர் யார் என்று தெரியாது. அதனால்தான் 320 யூரோ. என் பார்வையில் இது பெரிய நன்மை. பெயருக்குக் கொடுக்க வேண்டிய பங்கு கழிந்துவிட்டது. மூங்கிலுக்கும் கைவேலைக்கும் மட்டும் கொடுத்தேன்.

இரண்டு துண்டு, எட்டடிக்குச் சற்றுக் குறைவு, ஒரே நுனி. ஐந்தாம் எண் லைன் இதற்குப் பொருந்துகிறது (லைனின் கனத்தைக் குறிக்கும் எண் அது). கையில் எடுத்தால் கார்பனைவிடக் கனம் என்பது உடனே தெரியும். வீசும்போது அவசரப்படுத்தவே கூடாது. பின்னால் போன லைன் முழுக்க விரியும்வரை காத்திருந்து முன்னால் தள்ள வேண்டும். கார்பன் ராடு வெடுக்கென்று நிமிரும். இது அடிப்பிடி வரை வளைந்து, நிதானமாக நிமிரும். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் ஈயை இறக்க இதற்கு இணையான ஒன்றை நான் பிடித்ததில்லை. இருபது மீட்டர் எறிய வேண்டுமானால் கார்பனை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை அதிகம் எடுத்துப்போவது பாகூர்ப் பக்கம் மாமாவின் நிலத்தில் உள்ள குட்டைக்கு. ஜிலேபி மீன்கள் நிறைய. கருவேல நிழல் விழும் ஓரத்தில் அவை வாயை மட்டும் நீட்டி மேல்மட்டத்தில் மேயும். அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஈயை இறக்குவேன். ஈயக்குண்டு விழுந்தால் கலைந்து ஓடுகிற மீன், இதற்கு ஓடுவதில்லை; திரும்பிப் பார்க்கும், இரண்டு விரற்கடை பின்தொடரும், பிறகு உறிஞ்சும். அரைக் கிலோ ஜிலேபிதான். ஆனால் அது தலையை ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டமும் உள்ளங்கைக்குத் தனித்தனியாக வந்து சேர்கிறது. கார்பனில் இந்த அளவு மீன் வந்தால், வந்தது என்ற அளவோடு சரி. இதில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுகூடக் கைக்குத் தெரிந்துவிடும்.

கடற்கரைக்கு இதை எடுத்துச் செல்வதில்லை. வீராம்பட்டினம், நல்லவாடு பக்கம் முற்பகல் முடிவதற்குள் கடற்காற்று கிளம்பிவிடும். அந்தக் காற்றை எதிர்த்து லைனைத் தள்ள இந்த ராடுக்கு வலு போதாது. உப்பு நீர் பூணையும் வளையங்களையும் அரிக்கும். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கொடுவாவுக்கும் பாரைக்கும் தடித்த கார்பன் ராடுதான் சரி. கொடுவா பாறைக்கடியில் பாயும்போது அடக்கி இழுக்க வேண்டும். மூங்கிலைவைத்து அப்படி இழுத்தால் நுனி போய்விடும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் தூண்டிலோடு அங்கே போவதே இல்லை. ஆக, நன்னீர்க் குட்டையோ, குத்தகைதாரர் அனுமதிக்கும் ஏரியோ கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவர்கள் மூங்கில் ராடு வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

வாங்கிய விலையோடு செலவு நிற்பதில்லை. நம் ஊர்ச் சூடும் ஈரமும் தனியாகக் கணக்குக் கேட்கும். முதலில் கெட்டது லைன். மொட்டைமாடி அறையின் வெக்கையில் அதன் மேல்பூச்சு வெடித்துவிட்டது; புதிதுக்கு 4,000 ரூபாய். அடுத்தது பூண். இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் வீசும்போது ‘டிக்’ என்ற மெல்லிய ஓசை வரத் தொடங்கியது. விரல் நகத்தை மூட்டில் வைத்தபடி ராடை ஆட்டினால் அசைவு தெரிந்தது. ராடுப் பூண் பழுதுபார்ப்பவர் இங்கே யாரும் இல்லை. நகைப்பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பூணை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது ஜெர்மன் சில்வர் தம்பி. நசுக்கிச் சின்னதாக்கினால் விரிசல் விடும். உள்ளே போகிற பக்கத்துக்கு முலாம் ஏற்றித் தருகிறேன்” என்றார். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. பெயரில் மட்டும்தான் வெள்ளி. மூங்கில் நனையாதபடி மெழுகுத்துணி சுற்றி, பூணின் நுனியை மட்டும் முலாம் நீரில் இறக்கினார். ஏற்றி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ஏற்றினார். கூலி 400 ரூபாய். அதன்பிறகு அந்த ஓசை வரவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் தபால் செலவே பல ஆயிரம் ஆகியிருக்கும்.

ஈரம்தான் பெரிய எதிரி. பிளந்த மூங்கிலின் வலிமை பசையில் இருக்கிறது. பழைய ராடுகளில் விலங்குத்தோல் பசை இருக்கும். வார்னிஷ் வெடித்த இடத்தில் நீர் புகுந்தால் சிம்புகள் விலகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது மின்சாரம் போய், வீடெல்லாம் ஓதம். ராடை அதன் குழாயிலிருந்து வெளியே எடுத்து, துணிப்பையோடு உட்சுவர் ஆணியில் தொங்கவிட்டேன். மூடிய குழாய்க்குள் ஈரம் அடைபட்டால் அங்கேயே பூஞ்சை பிடித்துவிடும். மூலையில் சாய்த்தும் வைக்கக் கூடாது. சாய்ந்த பக்கமே வளைந்து நின்றுவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். நூற்சுற்றில் பிரிந்த இடங்களுக்குப் புதுப் பட்டு நூலும், மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சும் ஆண்டுக்கு ஒருமுறை போடுகிறேன். பங்குனியில்தான் அந்த வேலை. ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் வெண்மை படர்ந்து காயாமல் நிற்கும். நூலும் வார்னிஷும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இப்போது நுனி இடப்பக்கம் லேசாகக் கூன் விழுந்திருக்கிறது. மீனை இழுக்கும்போது ராடை மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் அது கூடாமல் இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் இன்னும் ஐம்பது, அறுபது யூரோ கூடினாலும் இரண்டு நுனி உள்ளதையே வாங்குங்கள். மூங்கில் ராடில் முதலில் தேய்வதும் ஒடிவதும் நுனிதான்.

எனக்கு இன்னொரு நுனி செய்ய ஐரோப்பிய ராடுக்காரர் ஒருவர் 250 யூரோ கேட்டார். வேலைக்கு அது நியாயமான விலை. ஆனால் நான் வேறு வழியில் முயன்று வருகிறேன். உலகம் முழுக்க இன்று ராடுக்குப் பயன்படுவது சீனாவின் குவாங்டாங் மாகாணத்து டாங்கின் மூங்கில். அது வருவதற்கு முன்னால், 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ராடு செய்தது நம் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து போன மூங்கிலில். கல்கத்தா மூங்கில் என்று அவர்கள் சொன்னது நம் கல்மூங்கில்தான். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அது வளர்கிறது.

கடலூர் முதுநகரில் சாரக் கம்பு விற்கும் கடையில் கணு தள்ளித்தள்ளி அமைந்த கல்மூங்கில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு பரணில் காயவைத்தேன். தெரிந்த ஆசாரி ஒருவர் தேக்குக் கட்டையில் 60 பாகைப் பள்ளம் வெட்டி, அதில் சிம்பைப் பதித்து இழைக்கிறார். முதல் ஆறு சிம்புகளில் இரண்டு கணுவில் பெயர்ந்துவிட்டன. கணுவை இன்னும் நன்றாக வாட்டிவிட்டு இழைக்க வேண்டும் என்கிறார். இதுவரை மூங்கிலும் கூலியும் சேர்ந்து 3,500 ரூபாய். நுனி முடிந்ததும் பத்தரிடம் பூண் கடைந்து வாங்கி, பாகூர்க் குட்டையில் வீசிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.