லேப்டாப்புக்கு ஜிபிஎஸ்: புளூடூத்தா, யுஎஸ்பியா?

காரில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் நாமே போட்ட வரைபடத்தின் மேல் நம் இடம் நகர்வதைப் பார்த்தபடி போக வேண்டுமானால் தனி ஜிபிஎஸ் ரிசீவர் தேவை. நான் வாங்கியது புளூடூத் ரிசீவர். துல்லியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. திறந்த வெளியில் இரண்டுமே சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். விலையில் யுஎஸ்பி மலிவு.

என்னை புளூடூத் பக்கம் சாய்த்தது காம் போர்ட் (கருவியிலிருந்து தரவு வர விண்டோஸ் எண் போட்டுத் தரும் வாசல்) விவகாரம். எந்த வகையானாலும் ரிசீவர் செய்வது ஒரே வேலைதான்: என்எம்இஏ வரிகளை (இடம், நேரம் போன்றவற்றைச் சொல்லும் எழுத்து வரிகள்) ஒரு காம் போர்ட் வழியாக அனுப்புவது. யுஎஸ்பி ரிசீவரை வேறு சாக்கெட்டில் செருகினால் காம்3 என்பது காம்7 ஆகிவிடக்கூடும். மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்துக் கிடக்கும். போதாக்குறைக்கு விண்டோஸ் சில சமயம் இந்த வரிகளைப் பழைய சீரியல் மவுஸ் என்று எண்ணிவிடும். கர்சர் பேய் பிடித்ததுபோல் ஓடும், கண்டதையெல்லாம் கிளிக் செய்யும். டிவைஸ் மேனேஜரில் அந்த 'சீரியல் பால்பாயின்ட்'டை முடக்கினால்தான் அடங்கும்.

புளூடூத்தில் பேரிங் (லேப்டாப்பையும் ரிசீவரையும் ஜோடி சேர்ப்பது) முடிந்தால், அதை அழிக்காதவரை அதே எண்தான். முதல் நாள் மட்டும் கொஞ்சம் படுத்தும். பின் நம்பர் (PIN) கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. அதன் பிறகும் 'கனெக்டட்' என்று வராமல் 'பேர்டு' என்றே நிற்கும். பழுது இல்லை, மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போதுதான் இணைப்பு உண்டாகும். புளூடூத் அமைப்புகளில் 'காம் போர்ட்ஸ்' பகுதியில் இன்கமிங், அவுட்கோயிங் என இரண்டு எண்கள் இருக்கலாம். கொடுக்க வேண்டியது அவுட்கோயிங். வரும் வரிகளில் ஆர்எம்சி (RMC) என்று குறித்த வரியைப் பாருங்கள்: நேரத்துக்கு அடுத்து 'வி' இருந்தால் இன்னும் தேடுகிறது, 'ஏ' வந்தால் இடம் கிடைத்துவிட்டது. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

குறையும் உண்டு. சார்ஜ் போட வேண்டும். லேப்டாப் தூங்கி எழுந்தால் மென்பொருளில் மறுபடி 'கனெக்ட்' கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ரிசீவர் டேஷ்போர்டில் வானம் பார்த்துக் கிடக்க, லேப்டாப் பின் சீட்டில் மடியில் இருக்கலாம், இடையில் ஒயர் இல்லை.

போனிலிருந்தே வைஃபை வழியாக என்எம்இஏ அனுப்பும் ஆப்களும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், நாள் முழுக்க ஓட்டினால் போன் சூடாகிவிடும். காரில் அல்லாமல் படகில் வைக்க நினைப்பவர்களுக்கு: அதில் எனக்கு அனுபவம் சொற்பம்; ஓரிடத்தில் நிரந்தரமாகப் பொருத்துவதானால் பேட்டரித் தொல்லையில்லாத யுஎஸ்பியை ஒரே சாக்கெட்டில் செருகி விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது.

புளூடூத் வாங்குவதானால் பெட்டியில் 'எஸ்பிபி' (SPP, காம் போர்ட் வழியாகத் தரவு அனுப்பும் புளூடூத் முறை) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிஎல்ஈ (BLE, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வேறு வகை புளூடூத்) மட்டும் உள்ளதென்றால் விண்டோஸில் காம் போர்ட்டே உருவாகாது.