இஸ்ரேலில் குடியேற விண்ணப்பிக்கிறீர்களா? மதமாற்றச் சான்றிதழ் விற்கும் ஏஜென்டிடம் ஏமாறாதீர்கள்

என் கணவரின் குடும்பம் தலைமுறைகளாக மும்பையை அடுத்த தாணேயில் வாழும் பெனே இஸ்ரேல் குடும்பம். மராத்தி பேசும் இந்திய யூதச் சமூகத்துக்குத்தான் பெனே இஸ்ரேல் என்று பெயர். நான் மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், இந்து. மகளோடு இஸ்ரேலில் குடியேறுவது என்று முடிவெடுத்ததும், காகித வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாக ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தார். எங்களிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கிய அந்த ஆள் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

“அண்ணி, நீங்கள் யூதராக மாறினால்தான் விசா. தாய் யூதராக இல்லாவிட்டால் பிள்ளையும் யூதரில்லை. இரண்டு பேருக்கும் சான்றிதழ் வேண்டும்” என்று முதல் நாளே பயமுறுத்தினார்.

தாய்வழிக் கணக்கு யூதச் சமயச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் குடியேற்ற உரிமையை அது முடிவு செய்வதில்லை. யூதர்கள் குடியேறுவதற்காக இஸ்ரேல் 1950இல் இயற்றிய திரும்புதல் சட்டத்தை 1970இல் திருத்தியபோது, யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, யூதரின் கணவன் அல்லது மனைவி, அந்தப் பிள்ளை பேரப்பிள்ளைகளின் துணைவர்கள் என எல்லோருக்கும் உரிமை கொடுத்துவிட்டார்கள். நானும் மகளும் மதம் மாற வேண்டிய தேவையே இல்லை. நாளை மகள் அங்கே ரபிமார் என்ற யூத மதகுருக்கள் முன்னிலையில் திருமணம் செய்துகொள்ள விரும்பினால் அந்தக் கேள்வி எழும். அது வேறு அலுவலகம், வேறு விவகாரம். இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பணம் பறிக்கிறார்கள்.

முறையான மதமாற்றம் என்றால் மாதக்கணக்கில் படிக்க வேண்டும். மூன்று பேர் அமரும் சமய நீதிமன்றம் விசாரிக்கும். பிறகு மிக்வே என்ற நீர்த்தொட்டியில் முழுக வேண்டும். ஏஜென்ட் கொண்டுவந்த தாளில், நாங்கள் கண்ணால் பார்த்திராத ஓர் ஊரில் நானும் மகளும் முழுகி எழுந்ததாகத் தேதி போட்டு எழுதியிருந்தது. மூன்று கையெழுத்தும் ஒரே மை, ஒரே சாய்வு. மகளின் பெயரிலேயே எழுத்துப் பிழை. இதை விண்ணப்பத்தோடு வைத்திருந்தால் கணவரின் நியாயமான உரிமையும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும். வைக்க மறுத்துவிட்டோம்.

பெனே இஸ்ரேல் மக்கள் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு என் கோபம் புரியும். 1960களின் தொடக்கத்தில், இஸ்ரேலின் தலைமை ரபிமார் இவர்களுடைய திருமணங்களுக்கு மட்டும் முன்னோர் வரலாற்றைத் தோண்டச் சொன்னார்கள். போராடிய பிறகுதான், இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று 1964இல் அந்த நாட்டு அரசு அறிவித்தது. அப்படிப் போராடிப் பெற்ற பெயரைப் போலித் தாளால் கறைப்படுத்துகிறார்கள்.

பணம் போனதைவிட மனம் ஆறாதது வேறொன்று. மாமனார் மாமியாரின் கெத்துபா என்ற திருமண ஒப்பந்தம்: பழுப்பேறிய தாளில் எபிரேய வரிகள், கீழே மராத்தியில் சாட்சிகளின் கையெழுத்து. “பத்திரமாக இருக்கட்டும்” என்று அதை எங்களைக் கேட்காமலே ஏஜென்ட் லேமினேட் செய்து கொண்டுவந்தார். சூட்டில் மை பரவி ஒரு சாட்சியின் பெயர் அழிந்துவிட்டது. என் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே கதி. மேலே பிளாஸ்டிக் ஒட்டிய தாளில், ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை போடமாட்டார்கள். மாநகராட்சியில் புதிதாக விண்ணப்பித்து வாங்க வேண்டியதாயிற்று.

எங்களைக் காப்பாற்றியது யூத ஜெப ஆலயத்தின் திருமணப் பதிவேடு. ஆலயக் குழுவினர் பக்கத்தைத் தேடியெடுத்து, சான்றளித்த நகலும் குடும்பத்தைப் பற்றிய கடிதமும் கொடுத்தார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஏஜென்டைத் தேடுவதற்கு முன் அங்கே போங்கள். விண்ணப்பத்தை, இஸ்ரேல் குடியேற்றத்தைக் கவனிக்கும் யூத முகமை (Jewish Agency) என்ற அமைப்பிடம் நேரடியாகவே கொடுக்கலாம். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நீங்களே வாங்கலாம். அப்போஸ்டிலுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம். அசல் தாள் எதையும் ரசீது இல்லாமல் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே போன்ற மதமாற்றச் சான்றிதழ் உங்கள் கையிலும் இருந்தால் விண்ணப்பத்தோடு வைக்காதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். அப்படியே எடுத்துக்கொண்டு போய் நீங்களும் புகார் கொடுங்கள்.