பல்லிக்குப் பிளாஸ்டிக் டப்பாவா, கண்ணாடித் தொட்டியா?

கேஎல்லில் (கோலாலம்பூரில்) அடுக்குமாடி வீட்டில் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியோ குட்டி கார்ன் பாம்போ வளர்க்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது.

விலை: மூடி போட்ட பெரிய டப்பா முப்பது, நாற்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும். கண்ணாடி அதைவிடப் பல மடங்கு.

வேலை: டப்பாவுக்கு நாம்தான் துளை போட வேண்டும். சால்டரிங் கம்பியைச் சூடாக்கி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு (புகை நல்லதில்லை) இரு பக்கமும் வரிசையாகத் துளைத்து, உள்பக்க விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் பிராணி மூக்கைத் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும். கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை.

ஈரப்பதம்: நம் ஊர்க் காற்றே ஈரம், டப்பாவில் துளை குறைந்தால் சுவரெல்லாம் வேர்த்துவிடும். வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டி சீக்கிரம் காயும்.

வெப்பம்: டப்பாவின் மேல் விளக்கு வைக்காதீர்கள், உருகும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு), அதுவும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு.

கழுவுவதற்கு டப்பாதான் சுகம், பாத்ரூமுக்கே தூக்கிப் போய்விடலாம்.

குட்டிக்கும் தனிமைப்படுத்தி வைக்கவும் டப்பா போதும், ஆனால் பாம்பென்றால் மூடிக்குக் கிளிப் கட்டாயம். பகல் வெளிச்சமும் யூவி விளக்கும் கேட்கும் பியர்டட் டிராகன் என்ற பல்லி வகைக்குக் கண்ணாடியே வாங்குங்கள்.