மார்கழியில் நாசில் மாற்றினேன், தையில் வண்டி நின்றது

"வண்டி இழுக்கவில்லையா? பெரிய இன்ஜெக்டர் போட்டு ட்யூனிங் செய்தால் பறக்கும்" என்று யாராவது சொன்னால், டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம், நாசில் அதன் நுனி. எனக்கு இதில் போனது இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தை முகூர்த்தத்தில் இரண்டு பெரிய ஆர்டரும் கை நழுவிப் போயின.

சென்னையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாண மண்டபம், அம்மன் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போகும். பிக்கப் 2018 மாடல், புகை விதியில் பிஎஸ் 4 வகை. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, வண்டி மேல் குற்றம் இல்லை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பின்னால் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் செகண்ட் கியருக்கு வர வேண்டியிருந்தது. லேசாகக் கரும்புகை. லோடோடு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பத்துக்கு இறங்கியிருந்தது.

டிரைவர் தம்பி ஒரு வீடியோவைக் காட்டினான். அம்பத்தூர் பக்கம் ஒரு கடை, பளபளவென்று தரை, திரையில் ஏறுகிற கோடு, ட்யூனிங்குக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, வண்டி சும்மாதானே நிற்கிறது என்று கொண்டுபோய் விட்டேன்.

கடைக்காரர் சின்னப் பையன், நல்லாப் பேசுவார். பானெட்டைத் திறந்தார், இரண்டு முறை ரேஸ் கொடுத்தார், "அண்ணே, நாலு இன்ஜெக்டரும் போயிடுச்சு" என்றார். எந்த மீட்டரும் மாட்டவில்லை. ஒரு பைப்பைக்கூடக் கழற்றவில்லை. இருபது சதவீதம் பெரிய துவாரம் உள்ள நாசிலோடு புது இன்ஜெக்டர் நான்கு, அதற்கு ஏற்ற மாதிரி இசியூவில் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஸ்டேஜ் ஒன் மேப், அதாவது எவ்வளவு டீசல், எப்போது என்கிற மாற்றிய செட்டிங், எல்லாம் சேர்த்து 86,000. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதுக்குண்ணே?" நானும் எதுக்கு என்றுதான் நினைத்தேன். ஜிபேயில் இரண்டு தவணையாக அனுப்பினேன். இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்தான்.

பழைய இன்ஜெக்டர் நான்கையும் கேட்டேன். "அது ஸ்க்ராப்புண்ணே, எடைக்குத்தான்" என்றார். என் வண்டியில் இருப்பது காமன் ரெயில், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக ப்ரஷரில் டீசல் போகிற வகை. காமன் ரெயில் இன்ஜெக்டர் எடைக்குப் போகிற சரக்கே இல்லை. ரீகண்டிஷன் செய்பவர்கள் பழசை நல்ல விலை கொடுத்து எடுக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். இருபது வருஷமாக டீசல் இன்ஜினோடுதான் எனக்குக் குடித்தனம். பழைய ஜெனரேட்டர் நாசிலை டெஸ்டரில் மாட்டி, கையால் பம்ப் அடித்து, சுமார் இருநூறு கிலோ ப்ரஷரில் அது பீய்ச்சுவதைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. காமன் ரெயில் வேறு சாதி. ரெயிலில் ப்ரஷர் 1,600 பார் வரை போகும். நாசில் துவாரம் முடி கனம். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதை இசியூ மைக்ரோ செகண்டில் கணக்குப் போடுகிறது. ஒரே அச்சில் வந்த நான்கு இன்ஜெக்டரும்கூடத் துளித்துளி வித்தியாசமாகத்தான் டீசல் விடும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு (code), அதாவது அடையாளக் குறியீடு, பொறித்திருப்பார்கள். மாற்றினால் அந்தக் கோடை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்ற வேண்டும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சொல்கிற வேலை இதில் செல்லாது.

சரி, வண்டி வந்தது. முதல் வாரம் உண்மையிலேயே நன்றாக இழுத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பின்னால் மை ஊற்றியது போலப் புகை. கோயம்பேடு சிக்னலில் பைக்கில் வந்தவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக்கென்று அடித்தது. மைலேஜ் ஒன்பது. போன் செய்தேன். "இன்ஜின் செட்டாகணும்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." புகைப் பரிசோதனைக்குப் போனால், பிஎஸ் 4 டீசல் வண்டிக்கு 1.62க்குள் இருக்க வேண்டிய அளவு மூன்றைத் தாண்டியிருந்தது. சர்டிஃபிகேட் தரவில்லை. அது இல்லாமல் மாட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். இதைச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார்: "பர்ஃபார்மன்ஸ் வண்டின்னா புகை இருக்கும்ணே."

தையில் முதல் பெரிய முகூர்த்தம். செங்கல்பட்டு மண்டபத்துக்கு ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, ஜிஎஸ்டி ரோட்டில் சிங்கபெருமாள் கோவில் தாண்டி, பரனூர் டோலுக்கு முன்னால் செக் இன்ஜின் லைட் போட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஏறவே இல்லை. அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் நின்றேவிட்டது. மாலை ஆறு மணிக்கு ரிசப்ஷன். பெண்ணின் அப்பா போனில் பேசியதை இங்கே எழுத முடியாது, அவர் மேல் தப்பும் இல்லை.

கட்டி இழுத்துக்கொண்டு போனது சென்னை பாடியில் உள்ள ஒரு டீசல் லேபுக்கு. பெரியவர் ஒருவர். முதலில் எதையும் கழற்றவில்லை. "பழைய கம்ப்ளெயின்ட் என்ன, அதைச் சொல்லு தம்பி" என்றார். பிறகுதான் ஸ்கேனரை மாட்டினார். இசியூவில் இருந்த நான்கு கோடும், வண்டியில் மாட்டியிருந்த இன்ஜெக்டரில் எதோடும் ஒத்துப்போகவில்லை. கோடே ஏற்றவில்லை என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால் இரண்டு இன்ஜெக்டரின் தலையில் கோடு இருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் தேய்த்து மழுங்கியிருந்தது. புதுசும் இல்லை, நான்கும் ஒரே குடும்பமும் இல்லை. மூன்றாவது சிலிண்டரில் இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாசர் ஒன்றுக்குப் பதில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. அதைச் சுற்றித் தார் மாதிரிக் கரி கட்டியிருந்தது. வாசர் இரண்டானால் நாசில் மேலே ஏறிவிடும், பீய்ச்சுகிற டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. அந்தப் பிஸ்டனின் விளிம்பு எலி கடித்தது போல உருகியிருந்தது. மேப்பில் புகையைக் கட்டுப்படுத்தும் லிமிட்டை எடுத்துவிட்டு, ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) கோளாறு காட்டாதபடி அமுக்கி வைத்திருந்தார்கள். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டுக் கடைக்குப் போன் போட்டால் "சேவ் பண்ணலைண்ணே".

இன்ஜின் வேலை, புது இன்ஜெக்டர் நான்கு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் இசியூவைப் பழையபடி எழுதியது, எல்லாம் 1,48,000. இது பில்லோடு.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தோம். ஓடுகிறது, சத்தம் சுத்தம். ஆனால் இழுவை பழைய மாதிரியே மந்தம், அதே லேசான கரும்புகை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் பையனை ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புஸ்ஸென்று நுரை. விரலை விட்டுக் காட்டினார், நீள வாக்கில் கீறல், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. இன்ஜினுக்குப் போக வேண்டிய காற்று பாதி வழியிலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, இழுக்காது, புகை வரும். அந்த நிலைமையில் ஒருவர் டீசலை இன்னும் அதிகமாக ஊற்ற வழி செய்து கொடுத்து 86,000 வாங்கியிருக்கிறார். ஹோஸ் விலை 1,150.

என் பழைய இன்ஜெக்டர் கெட்டுத்தான் போயிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அவை கையில் இல்லை. ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் (மிச்ச டீசல் திரும்பி வரும் வழி) ட்யூப் மாட்டி, நான்கு பாட்டிலில் விட்டு, வண்டியை ஓடவிட்டு எது அதிகம் நிரம்புகிறது என்று பார்ப்பது; அதிகம் நிரம்புவதுதான் சந்தேகப்பட வேண்டியது. அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் நான்கும் போச்சு என்று சொன்னபோதே நான் சாவியைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றாலும், இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் (சோதனை மெஷின்) ஓட்டிய ரிப்போர்ட்டைத் தாளில் வாங்குங்கள், கோடைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழசை உங்கள் கண் முன்னால் கழற்றி உங்கள் வண்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். மேப் எழுதுவதற்கு முன் ஒரிஜினல் ஃபைல் பென்டிரைவில் உங்களிடம் இருக்கட்டும். ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்கிறது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் தோண்டுவார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது வக்கீல், பணம் போன பிறகு.

நோட்டீஸ் அனுப்பினேன். "பர்ஃபார்மன்ஸ் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாது" என்று ஒரு வரி பதில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், வாடகைத் தொழில் என்றாலும் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவர் நுகர்வோர்தான் என்று வக்கீல் சொல்கிறார். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன், அதற்குக் காசில்லை.

அம்பத்தூர் பக்கம் இதே மாதிரி நான்கு இன்ஜெக்டரையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு, பழசைத் திரும்ப வாங்காமல் வந்தவர்கள் யாராவது இருந்தால் தெரிவியுங்கள். எத்தனை பேர் என்று வக்கீல் கேட்கிறார்.